எங்கள் தறியில் உட்கார்ந்த தலைவர்

அவர் பின்னாளில் பெரிய ஆள் ஆனார். ஊர்ச் சுவரெல்லாம் அவர் முகம். அவர் சொன்னால் கடைகளை அடைத்தார்கள், சில ஊர்களில் உடைக்கவும் செய்தார்கள். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பிறவிப் பேச்சாளர் என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்ட காலத்தில், இன்னொரு கரண்டி குழம்பு வேண்டும் என்று கேட்கக்கூட அவருக்கு வாய் வராது. தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான்தான் புரிந்துகொண்டு ஊற்றுவேன்.

அப்போது நான் அவரை 'வாப்பா, போப்பா' என்றுதான் பேசுவேன். எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. போஸ்டர் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், வேறென்ன.

அறுபதுகளின் பிற்பாதி. சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தெரு. நாங்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். எந்தக் காலத்தில் இந்த ஊருக்கு வந்தோம் என்று என் மாமனாரைக் கேட்டால் அவருக்கே தெரியாது, அவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. எழுதப் படிக்கத் தெரிந்ததெல்லாம் தமிழ்தான். சமையலுக்கும் சண்டைக்கும் தறிக்கும் தெலுங்கு, மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ் என்று எங்கள் பிழைப்பு ஓடியது. தெருவில் பாதி வீடு அப்படித்தான் இருந்தது.

அவர் மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம். அண்ணன்மார் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள், கடைசிப் பிள்ளையான இவர் தறி வேலை தேடி டவுனுக்கு வந்தார். என் கணவருக்கு அப்போது கோர்வைக்கு ஆள் தேவைப்பட்டது. புடவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்ய வேண்டும் என்றால், ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் நடுவில் நாடாவை, அதாவது குறுக்கு நூல் வைத்த கட்டையை, விடுவார், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வாங்கி விடுவார். இவர் அந்தப் பக்கத்து ஆள் ஆனார். என் கணவருக்குத் தறி வார்த்தைகள் தெலுங்கில்தான் வரும். அதனால் இழு, விடு, நிறுத்து, மெதுவாக என்று இவர் கற்றுக்கொண்டது எல்லாமே தெலுங்கில். என்னை 'வதினா' என்பார். அண்ணிக்குத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு எதிலும் மூக்கை நுழைக்கிற குணம். மாமியார் வீட்டில் இதற்காக வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்தக் குணத்தால்தான் இவர் தலைவரான கதையைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. மற்றவர்கள் மேடையில் பார்த்தார்கள், நான் மறுநாள் காலையில் தறிக்குழியில் பார்த்தேன்.

அந்தக் கட்சி அப்போது ஒரு கட்சியாகவே இல்லை. போஸ்ட் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அதை நடத்திவந்தார். இந்த மண் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கே, வெளியிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டும் என்பது கொள்கை. அதை அவர் சொல்கிற விதத்தில் யாருக்கும் கோபமே வராது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஏதோ செய்யுளுக்கு உரை சொல்வதுபோலச் சொல்வார். மைக் செட்டுக்காரனும் பெஞ்சு கொடுத்த டீக்கடைக்காரரும்தான் கடைசிவரை கேட்பார்கள். பெரியவர் தெருவில் வந்தால் என் மாமனார் எழுந்து கும்பிடுவார், அவரும் நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போவார். எங்களைத்தான் அவர் வெளியே போகச் சொல்கிறார் என்பது அவர் மண்டையிலும் ஏறியதில்லை, எங்கள் மண்டையிலும் ஏறியதில்லை.

அதில் போய் இவர் எப்படிச் சேர்ந்தார் என்று நான் வாயைக் கிளறினேன்.

"சும்மா நின்னுக்கினு இருந்தேன் வதினா. பேரு இன்னான்னு கேட்டாரு, சொன்னேன். அடுத்த வாரம் பேரு சொல்லிக் கூப்ட்டாரு."

அவ்வளவுதான் காரணம். கொள்கை, புத்தகம், ஒன்றும் இல்லை. டவுனுக்கு வந்து இத்தனை நாளில் எங்கள் வீட்டுக்கு வெளியே இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அந்தப் பெரியவர். கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரு கூட்டத்தில் நன்றி சொல்ல வேண்டிய ஆள் வரவில்லை. நன்றியுரை எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். மக்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடக்கிற நேரம், அப்போது பேசுகிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. பெரியவர் இவரைப் பிடித்து நிறுத்தினார். இவர் மைக் முன்னால் நின்று, பந்தல்காரருக்கு நன்றி, மைக் செட்டுக்கு நன்றி என்று ஆரம்பித்திருக்கிறார். பிறகு, "எழுந்து போகிற உங்களுக்கும் நன்றி" என்று சொல்லி நிறுத்தினாராம். போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போகிறீர்கள், வீடு இருக்கிறது, போகிறீர்கள். நாளைக்கு அந்த வீடு யார் கையில்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் நிறுத்தினாராம். மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நன்றியுரை, கூட்டத்தின் மற்ற பேச்சு எல்லாவற்றையும்விட நீளமாகப் போனது.

மறுநாள் என் கணவர் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நிறுத்தம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கோர்வையில் பக்கத்து ஆள் தன் நாடாவை விட்டதும் சும்மா இருக்க வேண்டும். நடு நாடா போய் வரும்வரை கையை அடக்கிக் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்ததை விட வேண்டும். இவர் அதே அளவில் பேசினார். பிறகு பத்திரிகைக்காரர்கள் அதைக் கம்பீரம் என்று எழுதினார்கள். எங்களுக்கு அது நாடாவுக்குக் காத்திருப்பதாகத்தான் காதில் விழுந்தது.

அடுத்தடுத்த மாதங்களில் நான் பார்த்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லிப் பார்த்து, எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று கவனித்தார். காலையில் வந்து தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்ததும், "வதினா, நேத்து பாலாத்துத் தண்ணி பத்திப் பேசினேன், ஒருத்தரும் கண்டுக்கல" என்பார். இன்னொரு நாள், "வேல கெடைக்கலன்னு பேசினேன். தட்டினாங்க, ஆனா லேசா" என்பார். நானும் ஏதோ சமையல் ருசி பார்க்கிற மாதிரி, அதை விடு இதைப் போடு என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"நேத்து பேசறப்போ நெசவுத் தெருவுல பாதி வீட்டுல தமிழ் இல்லன்னு சொன்னேன். அது சும்மா வாயில வந்துச்சு. அப்போ தட்டினாங்க பாருங்க வதினா, நிக்கவே இல்ல. நான் அடுத்தது பேச முடியல."

"நீ சொன்னது எங்கள ஆச்சேப்பா" என்றேன்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, நீங்க இல்ல வதினா. நீங்கள்லாம் வேற. நான் மத்தவங்களச் சொன்னேன்."

"அந்த மத்தவங்க மேல உனக்கு உண்மையாவே கோவமா?"

நாடாவைக் கையில் உருட்டினார். பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "கோவம்லாம் ஒண்ணும் இல்ல வதினா. சொன்னா கேக்கறாங்க" என்றார்.

அன்று மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். நானும் வழக்கம்போல ஊற்றினேன்.

அதற்குப் பிறகு வேகம்தான். பெரியவருக்கு ஒரு கூட்டத்தில் ஆளுயர மாலை போட்டு நிரந்தரக் கௌரவத் தலைவர் என்று அறிவித்தார்கள். பாவம், அவர் அழுதுவிட்டார், சந்தோஷம் என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த கூட்டத்திலிருந்து அவருக்கு மைக் கிடைக்கவில்லை. கொள்கை அவருடையது, அதே வாசகங்கள்தான். அவர் சொன்னபோது டீ குடித்தவர்கள், இவர் சொன்னபோது கைமுஷ்டியை மடக்கினார்கள். ஊருக்கு வெளியிலிருந்தெல்லாம் சைக்கிளில் இளைஞர்கள் வந்தார்கள். ஓரிக்கைப் பக்கம் ஒரு கிளை திறந்தார்கள். ஆனாலும் கூட்டம் இல்லாத நாட்களில் இவர் தறிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். 'நெசவாளர் வீட்டுப் பிள்ளை' என்று போஸ்டரில் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். எந்த நெசவாளர் வீடு என்று மட்டும் போடவில்லை.

இந்த இடத்தில் பாவு போடுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு விரித்து இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஒட்டுகிற இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் காய வைக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடியாத வேலை. தெருவில் பாவு விரிந்துவிட்டால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து பக்கத்துக்கு ஒருவராக நின்றுவிடுவார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாம் நிற்போம். முகம் கொடுத்துப் பேசாத வீடுகள்கூடப் பாவுக்கு வந்துவிடும். எந்த வீட்டில் எந்த பாஷை என்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

இவர் ஒரு கூட்டத்தில் அதைப் பிடித்தார். "அவர்கள் பாவுக்கு நம் கை எதற்கு?" என்று கேட்டார். பயங்கரமான கைதட்டல் என்று சொன்னார்கள். என்னிடம் வந்து அதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் தறிக்கும் வரவில்லை.

அந்த வாரமே எங்கள் வீட்டுப் பாவு. கல்யாணப் புடவைகளுக்கான அரக்குப் பாவு. அது கெட்டால் தறி நின்றுவிடும், அடுத்த பாவுக்கு எங்களை நம்பி யாரும் பட்டுத் தர மாட்டார்கள். விடிந்தும் விடியாமலும் மாமனாரும் கணவரும் நானும் பாவை விரித்துக் கட்டினோம். ஆட்கள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் என் கணவர் கஞ்சியைத் தெளித்துவிட்டார். கஞ்சி தெளித்த பாவு காத்திருக்காது.

யாரும் வரவில்லை.

கதவுகள் பாதி திறந்திருந்தன. எதிர்வீட்டு அம்மா எப்போதும் முதல் ஆளாக வருகிறவர். அன்று கோலத்தை விட்டு நிமிரவே இல்லை, போட்ட கோடுகள் மேலேயே மறுபடியும் மாவை இழுத்துக்கொண்டிருந்தார். மாமனார் ஒரு முனையில், கணவர் மறு முனையில், நான் நடுவில் அங்கும் இங்கும் ஓடினேன். பிரித்த இடம் மறுபடி ஒட்டியது. வெயில் கோபுரத்திலிருந்து வீட்டுக் கூரைகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்போது தெருமுனையில் சத்தம். அவர்தான், பின்னால் கட்சிப் பிள்ளைகள். மெட்ராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்திருந்தார். நெசவாளர் வீட்டுப் பிள்ளையை நெசவு வேலையில் படம் எடுக்க வேண்டுமாம். இவருக்குத் தெரிந்த நெசவு எங்கள் வீட்டு நெசவு ஒன்றுதான், அதனால் எங்கள் தெருவுக்குத்தான் கூட்டி வர வேண்டியிருந்தது. தலைவர் பாவைப் பார்த்தார். தெருவில் வேறு ஆளில்லை என்பதைப் பார்த்தார். ஏன் இல்லை என்பது அவருக்குப் புரிந்ததை நான் முகத்திலேயே பார்த்தேன்.

என் கணவர் மறுமுனையிலிருந்து அவரைப் பார்த்தார். கட்சி, மேடை எதுவும் அவர் மூளையில் அந்த நேரம் இல்லை. பாவு கெடப் போகிறது, தெரிந்த கை ஒன்று நிற்கிறது, அவ்வளவுதான். "லாகு!" என்று கத்தினார். இழு என்று அர்த்தம்.

தலைவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாமனார் நின்ற முனைக்கு ஓடிப் பாவைப் பிடித்தார். "லாகுதுன்னா அண்ணா! அக்கட வதுலு! மெல்லகா, மெல்லகா!" என்று தெரு முழுக்கக் கேட்கிறபடி கத்தினார். இழுக்கிறேன் அண்ணா, அங்கே தளர்த்து, மெதுவாக. தானாக வந்தது. அந்த வேலைக்கு அவரிடம் வேறு வார்த்தையே கிடையாது. தலைவர் பிடித்துவிட்டாரே என்று கட்சிப் பிள்ளைகளும் ஓடி வந்து இழைகளில் கை வைத்தார்கள். கண்ட இடத்தில் பிடித்தவர்களையும் அவர் தெலுங்கிலேயே திட்டினார். ஒன்றும் புரியாமல் அவர்கள் முழித்தார்கள்.

தலைவரே கை வைத்ததும் கதவுகள் முழுசாகத் திறந்தன. எதிர்வீட்டு அம்மா கோல மாவுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். எல்லாரும் நின்று பிரித்து, முடிந்து, காய வைத்துப் பாவைக் காப்பாற்றினோம். எனக்கு அத்தனை நாள் இருந்த கோபம் அந்தக் கொஞ்ச நேரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வியர்வை சொட்ட நின்றவரைப் பார்த்து, இது நம்ம ஆள்தான் என்று மனசு குளிர்ந்தது.

படம் எடுத்து முடித்த பத்திரிகைக்காரர் கேட்டார்: "தலைவருக்குத் தெலுங்கு நல்லா வருதே?"

அவர் தன் கைகளைப் பார்த்தார், கஞ்சி ஒட்டியிருந்தது. கட்சிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் சமாளித்தான். "எதிரி பாஷ தெரிஞ்சாதான் சார் எதிரிய அடிக்க முடியும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் காபி கலந்து எடுத்து வந்தபோது அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் தறிக்கு வரவே இல்லை. பக்கத்து ஆள் இல்லாமல் கோர்வை நடக்காது, அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

அவர் கட்சிக்குள் சலசலப்பு என்று கேள்விப்பட்டோம். தலைவருக்கு அந்த வீட்டோடு என்ன உறவு, சோறு தின்ற நன்றியா, சொந்த பாஷையே அதுதானா என்றெல்லாம் பேச்சு. அதற்குப் பதில் சொல்லத்தான் அடுத்த கூட்டம். எங்கள் தெருமுனைக் கம்பத்திலும் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தறியில் இருந்தோம், அவர் குரல் வீட்டுக்குள் வந்தது.

"அந்த வீட்டில் உண்டவன் நான். இல்லை என்று சொல்லவில்லை." நிறுத்தினார். "என் தட்டு காலியாகும் முன்பே பார்த்துப் பரிமாறினார்கள். மறுக்கவில்லை." மறுபடி நிறுத்தினார். "ஆனால் உண்ட வீட்டைவிடப் பிறந்த மண் பெரிது. இனி அந்த வீட்டுக்கும் விலக்கு இல்லை!"

கை தட்டினார்கள். நான் அதுவரை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. நின்றது என்று நினைத்தால் மறுபடி ஆரம்பித்தது. மத்தவங்க வீட்டைச் சொன்னதைவிட, தன் வீடாக இருந்த வீட்டைச் சொன்னதற்கு அதிகம் தட்டுகிறார்கள் என்பதை அவர் அன்று கண்டுபிடித்திருப்பார். பின்னாளில் அவர் யார் யாரையெல்லாம் மேடையில் கைவிட்டார் என்று கேள்விப்பட்டபோதெல்லாம் எனக்கு அந்த மாலைதான் ஞாபகம் வந்தது. அவர் கெட்டவரா என்று என்னைக் கேட்கிறவர்களிடம், அன்று நெஞ்சு வலித்தது என்று மட்டும் சொல்வேன். என் கணவர் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை, அவர் வீட்டு மரத்தில் ஒடித்தது. சண்டை போடுகிற ஆள் இல்லை அவர். என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவர். கீரையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று, வீட்டை உத்திரம் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. என் மூத்த மாப்ள ரெண்டு தறி போடறாப்ல எடம் தேடிக்கினு இருக்காரு. நீங்க காலி பண்றதா இருந்தா வேற யாருகிட்டயும் சொல்லாத, எங்களுக்கே சொல்லு. கைய புடிச்சிக் கேக்கறேன்."

உண்மையாகவே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் வஞ்சகம் எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. நாங்கள் போவது அவருக்கு முடிந்த விஷயமாகிவிட்டது.

"இது எங்க சொந்த வீடும்மா. நாங்க எங்கியும் போகல" என்றேன்.

சொல்வதற்கு முன்னால் மனசுக்குள் அந்த வார்த்தைகளை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து பேசிவந்த தமிழை நான் சரிபார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.